இடத்திருகு, வலத்திருகு

அந்தப் படத்தில் பந்து வலைக்குள் இருந்தது. பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவன் தரையில் கிடந்தான். அவனுக்குப் பின்னால், வெகு தூரத்தில், கேலரியின் கடைசி வரிசையில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றான் தம்பி. அவன் தலைக்கு மேல் இருந்த பெரிய பலகையில் அன்றைய தேதியும், நாலு பன்னிரண்டு என்ற மணியும் எரிந்துகொண்டிருந்தன. ஒருவன் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் இருந்தான் என்று நிரூபிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? வேண்டியிருந்தது. அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் இந்தக் கதை.

படத்தை எடுத்தவள் அவனுடைய அக்கா. ஒரு வாரப் பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் எடுப்பவள். தம்பிக்கு மட்டுமல்ல, மைதானத்தில் தண்ணீர் கொண்டு வருகிறவர் முதல் நடுவர் வரை எல்லோருக்குமே அவள் அக்காதான். அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். பதினாறு வருடம் கனத்த லென்ஸைத் தூக்கிய தோள். அம்மா அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கியதும் அதே தோள்தான்.

தம்பி ஒரு பஞ்சுக் கிடங்கில் காவல்காரன். ஆட்டத்தன்று அவனுக்கு விடுமுறை. நாலே காலுக்கு, மைதானத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த அந்தக் கிடங்கு பற்றிக்கொண்டது. தம்பியின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்ததால் செய்தி அக்காவுக்குத்தான் வந்தது. அவள் கேலரி ஏறிச் சொன்னாள். ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தும், விடுமுறை நாள் என்று கூடப் பார்க்காமல் அவன் ஓடினான். போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். போலீஸ் வந்து பார்த்தது. முகத்தில் கரி இருந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் யாரும் தீப்பக்கம் போகவே இல்லையே. ஆகவே தீ வைத்தவன் இவன்தான் என்று அழைத்துக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் யாருக்கும் அவன் முகம் நினைவில்லை. பந்தைப் பார்க்க வந்தவன் பக்கத்து ஆளையா பார்ப்பான்? அக்காவின் சாட்சியோ கூடப்பிறந்தவள் சாட்சி. மிஞ்சியது படம். அந்தக் கோலையே, எதிரணி கொடுத்த புகாரின் பேரில், ஆட்டக் கமிட்டி ஒரு வாரம் கழித்துச் செல்லாது என்று அறிவித்தது வேறு விஷயம். அது தம்பிக்குத் தெரியாது. அவன் அப்போது உள்ளே இருந்தான்.

வழக்கு விசாரணைக்கு வரவே ஐந்து மாதமாயிற்று. வந்த அன்று அரசு வக்கீல் படத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு தூரத்துல இருக்கற மூஞ்சி, ஒரு சாதாரண லென்ஸ்ல இப்படி விழுமா? அதுவும் லென்ஸ் ஒரு கம்பெனி, கேமரா வேறொரு கம்பெனியாமே. ரெண்டும் முதல்ல ஒண்ணுக்கொண்ணு பொருந்துமா?"

நீதிபதி யோசித்தார். லென்ஸ் தொழில்முறைத் தரம்தான் என்றும், அது அந்தக் கேமராவில் பொருந்தும் என்றும் வில்லைத் தர நிர்ணய ஆணையத்திலிருந்து சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு நாள் தவணை. கொண்டு வந்தால் தம்பி அன்றே வீட்டுக்குப் போகலாம்.

"இது ஒரு விஷயமே இல்லக்கா," என்றார் தம்பியின் வக்கீல். "போனா கையோட குடுத்துடுவாங்க."

அவர் இளைஞர். அந்த ஆபீசுக்கு அதற்கு முன் போனதில்லை.

ஆணையம் நாலு மாடிக் கட்டடம். வெளிச்சம் பட்டால் லென்ஸ் கெட்டுவிடும் என்று சன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பகலிலேயே சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அக்கா தடவித் தடவி இரண்டாம் மாடியில் தர அலுவலரின் மேசையைக் கண்டுபிடித்து, பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குழந்தையை வைப்பதுபோல் வைத்தாள்.

தர அலுவலர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து லென்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சிவப்பு வளையம் எங்கம்மா?"

"முன்னாடி ஓரத்துல இருந்துது சார். பதினாறு வருஷமா மழையிலயும் வெயில்லயும் தூக்கிட்டு ஓடினதுல பெயிண்ட் தேஞ்சுபோச்சு. இதோ பாருங்க, இங்க கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"தொழில்முறை லென்ஸ்னா சிவப்பு வளையம் பளிச்சுனு இருக்கணும். உங்களுது ஏன் தேஞ்சுது?"

"தொழிலுக்கு எடுத்துட்டுப் போனதால சார்."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிறீங்க. தொழிலுக்கு எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா, இது தொழில்முறை லென்ஸ்தான்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்." அவர் எழுந்து போய் ஒரு கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "அந்த ரெண்டாவது தட்டைப் பாருங்க. ஒரு பெரிய மனுஷரோடது. வாங்கினதுலேர்ந்து பெட்டியை விட்டு வெளிய எடுத்ததே இல்ல. அதுக்கு உயர் தொழில்முறைன்னு குடுத்திருக்கோம். அப்படி வெச்சுக்கணும் லென்ஸை."

அக்கா லென்ஸை அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், வளையம் கிடக்கட்டும். மூடியைக் கழட்டி ஒரே ஒரு தடவை உள்ள பாருங்க. கண்ணாடி எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

தர அலுவலர் கையைத் தீயில் வைத்தவர்போல் பின்வாங்கினார். "மூடியைக் கழட்டறதா? இருபத்திரெண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு மூடியைக் கழட்டினது கிடையாது. தூசி உள்ள போச்சுன்னா யார் பொறுப்பு?"

"அப்போ எப்படி சார் தரம் பாக்கறீங்க?"

"அனுபவம்தான்."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு சார்? இந்தாங்க, இதுல எடுத்த படமே இருக்கு. தம்பி மூஞ்சி எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க."

"படத்தைப் பாத்து லென்ஸோட தரத்தைச் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் இந்த ஆபீஸ் எதுக்கு?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார்.

பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வளையம் இல்லாத லென்ஸ்களுக்கு விதியில் ஒரு மாற்று வழி இருப்பதாகச் சொன்னார். கைவலிச் சோதனை. தொழில்முறை லென்ஸ் என்றால் கனக்க வேண்டும். கனத்தால் கை வலிக்க வேண்டும். ஆணையத்தின் ஊழியர் ஒருவர் ஒற்றைக் கையை நீட்டி லென்ஸை ஏழு நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்பார். வலித்தால் தொழில்முறை. வலிக்காவிட்டால் பொழுதுபோக்கு.

அன்று சோதனைக்கு முறை வந்த ஊழியர் காலையும் மாலையும் எடை தூக்கிப் பழகும் ஆள். கழுத்தும் தலையும் ஒரே அகலத்தில் இருந்தன. அவர் வலது கையில் லென்ஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு இடது கையில் செய்தித்தாளை விரித்துப் படித்தார். ஏழு நிமிடம் முடிந்ததும், "இன்னும் நடுப்பக்கம் பாக்கி இருக்கு, கொஞ்சம் பொறுங்க," என்றார். தர அலுவலர் 'பொழுதுபோக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அண்ணே, கொஞ்சம் கூடவா வலிக்கல?" என்று அக்கா கெஞ்சினாள். "என் தம்பி உயிரு இதுல இருக்குண்ணே."

"பொய் சொல்ல முடியாதும்மா, அரசாங்க வேலை," என்றார் அவர், கையை மடக்கிப் பார்த்தபடி.

மேல்முறையீடு செய்ய ஒரு நாள். மேல்முறையீட்டுப் படிவம் தீர்ந்து போயிருந்ததால் இன்னொரு நாள். அடுத்து ஒரு நாள் விடுமுறை. ஐந்தாம் நாள் மறுசோதனைக்கு வந்தவர் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஓர் ஒல்லி எழுத்தர். லென்ஸைக் கையில் வாங்கும்போதே "ஐயோ" என்றார். ஒன்றரை நிமிடத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நிமிடத்தில் தன் அம்மாவைக் கூப்பிட்டார். தர அலுவலரின் முகம் மலர்ந்தது.

"அபாரம்! இந்த வருஷத்துல இவ்வளவு வலிச்ச லென்ஸே கிடையாது. தொழில்முறை, முதல் நிலை!"

அக்கா லென்ஸை வாங்கிக்கொண்டு, எழுத்தரின் கையைப் பிடித்து நீவிவிட்டாள். அவரும் அழுதார், அவளும் அழுதாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதி ஏழு நாள் இருந்தது.

பொருத்தப் பிரிவு மூன்றாம் மாடியில். அங்கே போனபிறகுதான் அது ஒரு பிரிவல்ல, இரண்டு என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனியின் லென்ஸைக் கேமராவில் மாட்ட இடப்பக்கம் திருக வேண்டும். இன்னொரு கம்பெனியினுடையதை வலப்பக்கம் திருக வேண்டும். அவரவர் வசதிக்கு அவரவர் செய்த ஏற்பாடு. ஆணையம் இதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இடத்திருகுப் பிரிவின் கதவுப்பிடி இடப்பக்கம் திரும்பும், குழாய் இடப்பக்கம் திறக்கும், கோப்புகளுக்கு இடது ஓரத்தில் ஓட்டை. வலத்திருகுப் பிரிவில் எல்லாம் நேர்மாறு. நடுவில் ஒரு சுவர். இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், மற்றவர் இறங்குவார்.

இடத்திருகுத் தலைவி ஓர் அம்மையார். லென்ஸைப் பார்த்ததும் அவருக்குப் பாசம் பொங்கியது. "நம்ம லென்ஸ்! நல்ல காலத்துல செஞ்சது. கேமரா எங்கே?"

அக்கா கேமராவை எடுத்து வைத்தாள். அம்மையார் பேனாவை மூடினார்.

"இது அவங்க வகை. பொருந்தாது."

"பொருந்துது மேடம். என் பழைய கேமரா செத்துப்போச்சு. பத்திரிகையில இதைத்தான் குடுத்தாங்க. நடுவுல இந்த வளையத்தைப் போட்டு ஆறு வருஷமா படம் எடுக்கறேன்." அவள் ஒரு குட்டி உலோக வளையத்தைக் காட்டினாள். "இதுக்குள்ள கண்ணாடி, கிண்ணாடி ஒண்ணும் கிடையாது மேடம். வெறும் ஓட்டை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல குறையற தூரத்தை இது நிரப்புது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் உங்க திருகு, அந்தப் பக்கம் அவங்க திருகு. இதோ பாருங்க." வளையத்தை லென்ஸில் இடப்பக்கம் திருகினாள். கேமராவில் வலப்பக்கம் திருகினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது.

அம்மையார் கண்களை இறுக மூடிக்கொண்டார். "என் கண்ணு முன்னாடி இந்த மாதிரியெல்லாம் பண்ணாதீங்க."

சுவருக்கு அந்தப்புறம் வலத்திருகுத் தலைவர் கேமராவை ஆசையாகத் தடவினார். லென்ஸைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நல்ல கேமராவை இப்படியா பண்ணுவீங்க? அது சரி, தானா ஃபோகஸ் ஆகுமா?"

"ஆகாது சார். கையாலதான் திருப்பணும்."

"ஆக, லென்ஸும் கேமராவும் ஒண்ணோட ஒண்ணு பேசறதில்ல." அதை அப்படியே கோப்பில் எழுதினார். "பேசிக்காத ரெண்டு பேரு சேந்து எப்படிம்மா ஒரு வேலையைச் செய்ய முடியும்?"

சுவருக்கு அந்தப்புறம் அம்மையாரின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு நுனிநாக்கு வரைக்கும் பதில் வந்தது. தம்பியை நினைத்து விழுங்கிவிட்டாள்.

"இந்த வளையம் யாரோடது?"

"மூணாவது ஒரு கம்பெனி சார்."

"இங்க மூணாவது பிரிவு கிடையாதே. ரெண்டு பக்கமும் திருகற ஒரு பொருளை எதை நம்பி உள்ள விடறது?"

ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை அக்கா அந்தச் சுவரைச் சுற்றி வந்தாள். இடத்திருகில் எழுதிய குறிப்பை வலத்திருகுக் கோப்பில் கோர்க்க முடியவில்லை, ஓட்டை மாறி இருந்தது. அக்கா தன் வீட்டிலிருந்து ஓட்டை போடும் கருவியைக் கொண்டு வந்தாள். அரசுத் தாளில் தனியார் ஓட்டை போடக்கூடாது என்று வாயிற்காவலர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. உண்மையிலேயே இருட்டு வேறு.

பத்தாம் நாள் சிறையில் பார்வையாளர் நேரம். தம்பி கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னக்கா, சான்றிதழ் கிடைச்சுதா?"

"பாதி கிடைச்சுருச்சுடா. மீதி நாளைக்கு வந்துரும்."

"படத்துலதான் நான் தெளிவா இருக்கேன்ல? அப்புறம் என்ன?"

பார்வை நேரம் முடிந்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்று, முன்பின் தெரியாதவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

அன்று மாலை ஆணையத்தில் ஓர் அதிசயம் நடந்திருந்தது. இடத்திருகும் வலத்திருகும் ஒன்பது வருடத்தில் முதல் முறையாக ஒத்துப்போயிருந்தன. இரண்டு பிரிவுகளும் தனித்தனித் தாளில் ஒரே கருத்தை எழுதியிருந்தன. 'இவ்வில்லை இக்கேமராவில் பொருந்தாது. பொருந்தாத வில்லையால் எடுத்த படம் எடுக்கப்படாத படமாகவே கருதப்படும்.'

அக்கா இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எடுத்திருக்கேனே மேடம். கையில வெச்சிருக்கேனே."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறாங்கன்னு நினைக்காதீங்க," என்று அம்மையார் அன்பாகச் சொன்னார். "பூசணிக்காயே இல்லைன்னு நாங்க முதல்லயே தீர்மானம் போட்டுட்டோம்."

பதினோராம் நாள் அக்கா ஒரு முடிவோடு வந்தாள். நாலாம் மாடியில் ஆணைய இயக்குநரின் அறை. அதன் முன்னால் கால்பந்து மைதானத்தில் பாதி நீளத்துக்கு ஒரு நடைக்கூடம். நடையின் இந்தக் கோடியில், படி ஏறுகிற இடத்தில், பையை அணைத்துக்கொண்டு நின்றாள். போகச் சொன்னார்கள். போகவில்லை. இழுத்துப் பார்த்தார்கள். மைதானத்து ஓரத்தில் பதினாறு வருடம் கூட்டத்தோடு முட்டி மோதி நின்றவளை இழுக்க அவர்களால் முடியவில்லை. சத்தம் கேட்டு இயக்குநரே வெளியே வந்தார். அவரோடு ஆலோசனையில் இருந்த இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றார்கள்.

இயக்குநர் அந்தக் கோடியிலிருந்தே பேசினார். குரல் கணீரென்று வந்தது. "அம்மா, இந்த ஆணையம் ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆச்சு. இங்கேருந்து தரக்குறைவா ஒரு படம் கூட வெளிய போனது கிடையாது. ஏன் தெரியுமா? இங்கேருந்து ஒரு படமும் வெளிய போனது கிடையாது! தப்பே வரக்கூடாதுன்னா என்ன பண்ணணும்? எதுவுமே வராம பாத்துக்கணும். இதுதான் எங்க..."

அக்கா பையைத் திறந்தாள். மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வளையத்தை இடப்பக்கம் ஒரு திருகு, வலப்பக்கம் ஒரு திருகு. கேமராவைத் தூக்கினாள், கையாலேயே ஃபோகஸ் திருப்பினாள், அழுத்தினாள். எல்லாம் சேர்ந்து இயக்குநர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நடந்துவிட்டது.

பிறகு நேராக நடந்து போய்த் திரையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது எடுத்த படமா எடுக்காத படமா, நீங்களே சொல்லுங்க சார்."

இயக்குநர் பார்த்தார். அந்த அரையிருட்டிலும், அவ்வளவு தூரத்திலிருந்தும், அவருடைய மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. நெற்றி பளபளத்தது. பின்னால் சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று இருபது. இரண்டு பக்கமும் தலைவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு துவாரபாலகர்கள் மாதிரி நின்றார்கள்.

"இது நானா?" என்றார் இயக்குநர். குரலில் கணீர் போய்விட்டிருந்தது. "எங்க வீட்டுல எடுத்ததுல எல்லாம் நான் வேற மாதிரி இருப்பேன்."

ஒரு மணி நேரத்தில் அக்கா எதிர்க் கடையில் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டு வந்தாள். அம்மையார் அவளைத் தனியே கூப்பிட்டு வலப்பக்க ஆளை வெட்டிவிட முடியுமா என்று கேட்டார். வலத்திருகுத் தலைவர் கேட்டது இடப்பக்கத்தை. ஆணையத்தின் சுவரில் முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு படம் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒல்லி எழுத்தர் மட்டும் கை வலியால் தட்டவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அக்கா கேட்டாள். "சார், இந்தப் படத்தை எடுத்தது இந்த லென்ஸும் இந்தக் கேமராவும்தான். பொருந்துதுன்னு எழுதிக் குடுங்க சார். நாளைக்குக் காலையில கோர்ட்டு. உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்."

இயக்குநர் சுவரைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். சொல்லச் சொல்லத் தட்டச்சு ஆனது. முத்திரை விழுந்தது. 'இன்று காலை பதினொன்று இருபது மணிக்கு இவ்வில்லை இக்கேமராவில் பொருந்தியிருக்கக் காணப்பட்டது.' அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அக்காவின் கண்ணை நீர் மறைத்துவிட்டது. அந்தத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். போகிற வழியில் தம்பிக்கு ஒரு புதுச் சட்டை வாங்கினாள். கழுத்து அளவு தெரியும், இருந்தாலும் இப்போது இளைத்திருக்கிறானே என்று ஒரு அளவு சிறியதாகவே எடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள், நீதிமன்றத்தில் அந்த இரண்டாவது வரியை அரசு வக்கீல் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"'மேற்படி நேரத்துக்கு முன்போ பின்போ பொருந்தியதா என்பது பற்றி ஆணையத்துக்கு எவ்விதக் கருத்தும் இல்லை.' கனம் நீதிபதி அவர்களே, நேத்து பதினொண்ணு இருபதுக்குப் பொருந்திச்சு, நாங்க மறுக்கல. ஆனா ஆட்டம் நடந்தது அஞ்சு மாசத்துக்கு முன்னாடி, நாலு பன்னெண்டுக்கு."

"ஐயா, ஆறு வருஷமா அதே லென்ஸ், அதே கேமரா, அதே வளையம்!" என்று அக்கா பின்வரிசையிலிருந்து கத்தினாள். உட்காரச் சொன்னார்கள்.

நீதிபதி நல்லவர். நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். குற்றம் நடந்த நாளில் நாலு பன்னிரண்டுக்கு லென்ஸ் பொருந்தியதா என்று ஆணையமே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றார். அதுவரை கருவிகள் ஆணையத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டும். அடுத்த விசாரணை ஆறு மாதம் கழித்து.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சட்டைப் பொட்டலம் அக்காவின் மடியிலேயே இருந்தது.

நீதிமன்ற வராந்தாவில் ஆணையத்தின் ஆட்கள் காத்திருந்தார்கள். இடத்திருகிலிருந்து ஒருவர் லென்ஸுக்கு மூடி போட்டு, துணியில் கட்டி, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார். வலத்திருகிலிருந்து ஒருவர் கேமராவை. இரண்டும் இனி சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இருக்கும். வளையத்தை இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் அவள் கையிலேயே வைத்தார்கள்.

"இது எந்தப் பிரிவும் இல்ல மேடம். நீங்களே வெச்சுக்குங்க."

போகத் திரும்பியவர் நினைவு வந்தவராக நின்றார். "மேடம், டைரக்டர் சார் கேக்கச் சொன்னாரு. அந்தப் படத்துல அவருக்குக் கண்ணு லேசா மூடின மாதிரி இருக்காம். வர்ற வாரம் வந்து இன்னொண்ணு எடுத்துக் குடுக்க முடியுமான்னு. அதே லென்ஸ்லதான் வேணுமாம்."

லென்ஸ் அவர் கையில்தான் இருந்தது, அரக்கு கூட இன்னும் காயவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள். தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் நின்ற வக்கீலுக்கும் புரியவில்லை. "அக்கா, உக்காருங்கக்கா," என்று தோளைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

சிறை வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து முகத்தை வலையோடு ஒட்டிக்கொண்டான். அக்காவின் வலது கை தானாகவே நெஞ்சுக்கு நேரே போய், அங்கே தொங்க வேண்டிய கேமராவைத் தேடி வெறுங்கையாகத் திரும்பியது.

"அழாதக்கா. ஆறு மாசந்தானே, ஓடிரும்," என்றான். பேச்சை மாற்ற வேண்டும் என்று அவசர அவசரமாகத் தேடி, "ஆமா, கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் பாதியில ஓடிட்டேன்ல. அந்தக் கோலோட நாமதானே ஜெயிச்சோம்?" என்று கேட்டான்.

அக்கா வேனோடு நாலு எட்டு நடந்தாள். வளையம் உள்ளங்கையில் அழுந்தியது.

"ஜெயிச்சோம்டா," என்றாள். "அந்தக் கோல்லதான் ஜெயிச்சோம்."

தம்பி, படத்தில் இருந்ததுபோலவே, இரண்டு கைகளையும் தூக்கினான். வேன் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு நாளில் அக்கா ஊர் முழுக்கச் சொன்னதில் அது ஒன்றுதான் பொய். அதற்கு மட்டும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.